பாட்டியின் கட்டைவிரல் நகம்: எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

கேள்வி இது: "அக்கா, பட்டர்வொர்த்தில் சின்னதாக ஒரு பார்லர் வைத்திருக்கிறேன். போன வாரம் 74 வயதுப் பாட்டி ஒருவரை மகள் அழைத்து வந்தார். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் மஞ்சளாக, கட்டியாக, என் நிப்பர் வாய்க்குள் நுழையாத அளவுக்குத் தடித்துப் போயிருக்கிறது. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறதாம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, டிரில் போட்டுத் தேய்த்து, தீபாவளிக்குள் சாதாரண நகம் மாதிரி ஆக்கிவிட முடியுமா? சிவப்பு பாலிஷ் வேண்டும் என்கிறார். செய்யவும் ஆசை, பயமாகவும் இருக்கிறது."

அரை மணி நேரம் வெந்நீர் வேண்டாம். தீபாவளிக்குள் சாதாரண நகம் ஆகவும் ஆகாது. பாலிஷ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நர்ஸாக இருந்தவள். அதில் பல வருடம் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் போனது. இப்போது ஜார்ஜ் டவுனில் வயதானவர்களின் கால் பராமரிப்பை மட்டும் செய்கிறேன். கட்டுப்போடும் அறையில் நான் பார்த்த விரல் புண்களில் நிறைய, ஒரு சின்னக் கீறலிலோ இறுக்கமான செருப்பிலோ ஆரம்பித்தவை. "நகம் வெட்டும்போது லேசாகப் பட்டுவிட்டது" என்று சொன்னவர்கள் எத்தனை பேர். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பயந்த ஆளின் சாயல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதிதான், ஒன்றரை மில்லிமீட்டர் போல. கட்டைவிரல் நகம் வேரிலிருந்து நுனிவரை முழுக்கப் புதிதாக வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். வயதானால் இன்னும் மெதுவாகும். பாட்டியின் நகம் இப்படித் தடிக்க எத்தனை வருடம் ஆனதோ, அதை ஒரே மதியத்தில் இறக்கப் பார்த்தால் நகத்தோடு சதையும் சேர்ந்து வரும். நான் யாருக்கும் ஒரே தடவையில் முழுத் தடிப்பையும் எடுப்பதில்லை. ஆறு வாரம், எட்டு வாரம் இடைவெளியில் மூன்று நான்கு தடவை வரச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். செருப்புக்குள் அழுத்தாமல், துணியில் மாட்டாமல், போர்வையைக் கிழிக்காமல் இருந்தால் போதும். அதுதான் நம் வேலை. அழகு அதற்கு அப்புறம்.

ஏன் தடிக்கிறது என்று கேட்டால், பார்லருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் தெரியும்: சொத்தை நகம், அதாவது பூஞ்சை. பாதிதான் சரி. தடித்து உருமாறிப்போன கால் நகங்களில் சுமார் பாதிதான் பூஞ்சையால் வருவது. மற்றவை வயதால் வரலாம். ரத்த ஓட்டம் குறைந்ததால் வரலாம். சொரியாசிஸால் வரலாம். இன்னொன்று, பலரும் நினைத்தே பார்க்காதது: வருடக்கணக்கான இடிபாடு. நம் பாட்டிகள், தாத்தாக்கள் பலர் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்கள். விடியற்காலை இருட்டில் வேரில் இடறிக்கொண்டு, அளவில்லாத ரப்பர் பூட்ஸில் முப்பது வருடம் நடந்த கால் அது. நக வேர் ஒரு தடவை நன்றாக அடிபட்டால், அது அதற்கப்புறம் நகத்தை நேராக உற்பத்தி செய்யாது. தடிக்கும், ஒரு பக்கமாக வளையும், கவனிக்காமல் விட்டால் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டு பக்கத்து விரல்மேல் ஏறும். அந்த நகத்துக்குப் பூஞ்சை மருந்து ஒரு வருடம் பூசினாலும் ஒன்றும் ஆகாது. வேரே அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே "இது ஃபங்கஸ்தான் ஆன்ட்டி" என்று வாய் விட்டுச் சொல்லாதீர்கள். நமக்குத் தெரியாது. டாக்டருக்கே பார்த்தவுடன் தெரியாது. நகத்துண்டும் அதன் அடியிலிருக்கும் பொடியும் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகும். பூஞ்சைதான் என்றால் டெர்பினாஃபைன் மாத்திரை 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கமான அளவு. கல்லீரலைக் கவனித்துத்தான் கொடுப்பார்கள், ரத்தப் பரிசோதனை இருக்கும். எழுபது வயதில் ஏற்கெனவே ஏழெட்டு மாத்திரை போடுகிறவருக்கு, இன்னொன்று சேர்க்கலாமா என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. லேசாக இருந்தால் அமோரோல்ஃபைன் 5 சதவீத நகப்பூச்சு. அதையும் வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் பூச வேண்டும்.

சரி, பாட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிப்பரை எடுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் பார்ப்பதற்கும் பேசுவதற்கும்தான்.

வந்த செருப்பைப் பாருங்கள். வாசலில் கழற்றிவிட்டு வந்திருப்பார், எடுத்துப் பாருங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. உள்ளே கையை விட்டுத் தடவினால், கட்டைவிரலுக்கு மேலே துணி தேய்ந்து குழி விழுந்திருக்கும். நகம் அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். நகம் மேலிருந்து அழுத்தி அழுத்தி, அதன் அடியில் யாருக்கும் தெரியாமல் புண் உண்டாகும். மேலே மஞ்சள் நகம், கீழே சீழ். கால் மரத்துப்போனவருக்கு வலியும் இருக்காது. சாக்ஸில் ஒரு சின்ன ஈரக்கறை, அது மட்டும்தான் அடையாளம். ஆகவே சாக்ஸ் போட்டு வந்தால் அதன் உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

மெட்டி. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். கல்யாணத்தன்று போட்ட வெள்ளி மெட்டி ஐம்பது வருடமாக அதே விரலில் இருக்கும். கால் வீங்கியிருக்கும், மெட்டி சதைக்குள் புதைந்திருக்கும். அதன் அடியில் தோல் ஊறி வெள்ளையாகியிருக்கும், சில நேரம் வெடித்திருக்கும். "கழற்றுங்க பாட்டி" என்று பட்டென்று சொன்னால், கணவர் உயிரோடு இருக்கிறவர் முகம் மாறிவிடும். நான் கழற்றச் சொல்வதில்லை. "கொஞ்சம் நகர்த்திப் பார்க்கட்டுமா?" என்று கேட்பேன். நகர்ந்தால் அடியில் துடைத்து உலர்த்திவிட்டுத் திரும்ப அதே இடத்துக்குத் தள்ளிவிடுவேன். நகரவே இல்லை என்றால் மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

அடுத்து மருதாணி. தீபாவளிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு நகம் முழுக்கச் செம்மண் நிறத்தில் இருக்கும், அது வளர்ந்து போக மாதக்கணக்காகும். அந்தச் சிவப்புக்கு அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நகத்தில் கருப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு நீளவாக்கில் இருந்தால் அது முக்கியமான அடையாளம். நம் மாதிரி கருத்த தோலுள்ளவர்களுக்குப் பல நகத்திலும் மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கருப்பு நிறம் நகத்தைத் தாண்டி அடித்தோலுக்கும் (நகம் வெளிவரும் வேர்ப்பக்கத்துத் தோல்) பரவியிருந்தால், அது நகத்தடிப் புற்றாக இருக்கலாம். "எப்பவோ கல் விழுந்தது" என்று பாட்டி சொல்வார். இருக்கலாம். ஆனால் அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். வேரிலிருந்து நுனிவரை கோடாக நிற்காது. சந்தேகம் இருந்தால் தொடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள். மறைக்கப் பாலிஷ் போடுவது இருக்கிற காரியங்களிலேயே மோசமானது.

இன்னும் சிலவற்றைப் பார்த்தாலும் அன்றைக்கு நான் கை வைப்பதில்லை: நகச்சுற்று வந்து சிவந்து சூடாக இருப்பது, சீழ், விரலிடையில் வெடிப்பு, பாதத்தில் திறந்த புண், நகம் ஆடுவது. பாதம் ஐஸ் மாதிரி குளிர்ந்து, தோல் பளபளப்பாக, முடியே இல்லாமல், விரல் நீலம் பாய்ந்திருந்தால் ரத்தம் சரியாகப் போகவில்லை. அந்தக் காலில் ஒரு சின்ன வெட்டுகூட ஆறாது. இதில் எதைக் கண்டாலும், "இன்னிக்கு நகம் வேண்டாம் பாட்டி, முதல்ல கிளினிக்ல காட்டிட்டு வாங்க" என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்புங்கள். காசு வாங்காமல் அனுப்பினால்தான் நம்புவார்கள்.

இனிப்புநீர் இருக்கிறது என்று மகளே சொல்லிவிட்டார், நல்லது. பலர் சொல்லவே மாட்டார்கள், பார்லரில் எதற்கு என்று. நீங்கள்தான் கேட்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இது இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். வயதான தமிழ் வாடிக்கையாளர் மூன்று பேர் வந்தால் ஒருவருக்காவது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். மருந்துப் பெயரைக் கேட்டால் "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்பார்கள். மருந்துப் பையையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ஏதாவது இருந்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. இதை அட்டையில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பாட்டிக்கும் ஒரு அட்டை.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையிலிருந்து வந்த முறை, கருவி எதுவும் வேண்டாம். பாட்டியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று ஒவ்வொரு காலிலும் மூன்று விரல் நுனியை, மொத்தம் ஆறு இடத்தை, ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். தெரியும்போது "ம்" சொல்லச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, "இப்போ தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது. கேட்டால் மரியாதைக்காக எல்லாப் பாட்டியும் "தெரியுது"தான் சொல்வார்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. அந்தக் கால் உங்கள் பார்லருக்கான கால் இல்லை. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் இனிப்புநீர் நோயாளிகளுக்கு வருடம் ஒரு தடவை கால் பரிசோதனை உண்டு. அங்கே காட்டி, நகம் வெட்டலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, அவர்கள் சொல்லும் எல்லைக்குள் செய்யுங்கள். எல்லாமே தெரிந்தது, தோல் நன்றாக இருக்கிறது, கால் கதகதப்பாக இருக்கிறது என்றால் தொடரலாம்.

இப்போது வெந்நீர். இதில் என் சொந்தக் கதை ஒன்று. நர்ஸ் வேலையை விட்டு, ஒரு இடத்தில் பகுதி நேரமாக பெடிக்யூர் செய்ய ஆரம்பித்த முதல் மாதம். ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். தொட்டியில் வெந்நீர் ஊற்றி, "சூடு சரியா இருக்கா அப்பா?" என்று கேட்டேன். "பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். காலை எடுத்தபோது கணுக்காலைச் சுற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில், சாக்ஸ் போட்டது மாதிரி சிவப்புக் கோடு. அவருக்கு எதுவும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் நர்ஸாக இருந்தவள், இனிப்புநீர்க் காலைப் பற்றிப் பிறருக்கு வகுப்பு எடுத்தவள், தண்ணீரில் என் கையை விட்டுப் பார்க்காமல் அவர் காலைக் கேட்டேன். கொப்புளம் வராமல் தப்பியது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து நான் வெப்பமானியை வைத்துத்தான் ஊற்றுகிறேன். 37 டிகிரிக்குக் கீழே, அதுவும் ஐந்து நிமிடம், அழுக்குப் போக மட்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தொட்டியே கிடையாது, ஈரத்துணியால் துடைத்து, விரலிடையை உலர்த்திவிடுவேன்.

"ஊறினால்தானே நகம் மெத்தென்று ஆகும்?" என்பீர்கள். ஆகும். தோலும் ஆகும். ஊறிப்போன தோலுக்கும் ஊறிப்போன நகத்துக்கும் எல்லை தெரியாமல் நிப்பர் சதையைக் கவ்விவிடும். தடித்த நகத்தை நான் உலர்ந்தபடிதான் குறைக்கிறேன். ரொம்பக் கெட்டியாக இருந்தால் யூரியா கலந்த கிரீம் உண்டு. 40 சதவீதம் நகத்தையே இளக்கக்கூடியது. ஃபார்மசியில் கேட்டு, டாக்டர் சரி என்றால், இரண்டு வாரம் இரவில் நகத்தின்மேல் மட்டும் பூசிவிட்டு வரச் சொல்லலாம். ஆணிக்கால் பிளாஸ்டரை நகத்தில் ஒட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், நல்ல தோலையும் அரிக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

தண்ணீர் சுழலும் ஸ்பா நாற்காலி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அதன் வடிகட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு நக பார்லரில் போய் வந்த 110 பேருக்குக் காலில் கட்டி வந்தது. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம் என்ற கிருமி. அங்கிருந்த பத்துத் தொட்டியிலும் அது இருந்தது. தண்ணீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் அழுக்கும் சேர்ந்து கிடந்ததாம். பெடிக்யூருக்கு முன் கால் முடியைச் சிரைத்தவர்களுக்கு அதிகமாக வந்தது. சாதாரண பிளாஸ்டிக் பேசின், அதற்குள் ஒவ்வொருவருக்கும் புது உறை, இதைவிட நல்ல ஸ்பா வயதானவர்களுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வெட்டும் வேலைக்கு வருவோம். கையுறை, மாஸ்க், கண்ணாடி மூன்றும் வேண்டும். கண்ணாடி எதற்கு என்று சிரிக்காதீர்கள், காய்ந்த நகத்துண்டு தெறித்தால் கல் மாதிரி வரும். பாட்டியையும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். நகத்தை நடுவில் குறுக்காக ஒரே கடியாகக் கடிக்காதீர்கள், பிளந்து வேர் வரை போகும். ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் கடியாக, இரண்டு மில்லிமீட்டர் போல. இடது கையால் விரல் நுனிச் சதையைக் கீழே இழுத்துப் பிடித்தால் நகத்துக்கும் சதைக்கும் நடுவே இடைவெளி தெரியும். நிப்பரின் கீழ்வாய் அந்த இடைவெளியில்தான் போக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகக் கூடாது. தடித்த நகத்தில் சில நேரம் சதை நகத்தோடு ஒட்டி முன்னால் வளர்ந்திருக்கும். நகம் என்று நினைத்து வெட்டினால் ரத்தம்.

காது ஒரு கருவி. வெறும் நகம் வெட்டும்போது "டக்" என்று காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். சதை சேர்ந்தால் சத்தம் மந்தமாகிவிடும், கையிலும் ஒரு இழுவை தெரியும். அந்த நொடியில் நிப்பரை மூடாமல் திறந்து எடுத்துவிடுங்கள். ரேடியோவில் மின்னல் எஃப்.எம். ஓடினால் நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வாடிக்கையாளருக்குப் பாட்டுப் பிடிக்கும், எனக்கு நகம் பேசுவது கேட்க வேண்டும்.

நேராக வெட்டுங்கள், ஓரத்துக் கூர்மையை மட்டும் ஃபைலால் மழுக்குங்கள். மூலைக்குள் தோண்டாதீர்கள். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். நகத்துக்கு அடியில் இருக்கும் மாவு மாதிரியான பொடியைப் பார்த்தால் கை சும்மா இராது, குச்சியால் சுரண்டத் தோன்றும். தளர்ந்து விழுவதை மட்டும் எடுங்கள். ஒட்டியிருப்பதைச் சுரண்டினால் கிருமிக்கு வாசல் திறந்து விடுகிறீர்கள்.

டிரில் என்றால் குறைந்த வேகம், லேசான கை, வேர்ப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, ஒரே இடத்தில் நிற்காமல். உங்கள் இடது கை விரல் ஒன்று எப்போதும் அந்த விரலோடு ஒட்டியே இருக்கட்டும், சூடு ஏறினால் உங்களுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியாமல் போகலாம். அடித்தோல் பக்கம் போகாதீர்கள். கட்டைவிரலால் நகத்தை அழுத்திப் பாருங்கள், லேசாக வளைந்துகொடுத்தாலோ உள்ளிருந்து இளஞ்சிவப்பு தெரிந்தாலோ போதும், அன்றைக்கு அதோடு சரி. அந்த வெள்ளைப் பொடி சும்மா பொடி இல்லை. பூஞ்சை இருந்தால் அதுவும் பறக்கும், உங்கள் மூச்சில் போகும். வருடக்கணக்காக நகம் தேய்த்த பாத மருத்துவர்களின் ரத்தத்தில் அந்தப் பூஞ்சைக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நீல நிற அறுவை மாஸ்க் போதாது, என்95 போடுங்கள். தூசி உறிஞ்சும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. நகத்தின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பொடி குறைவாகப் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

ரத்தம் வந்துவிட்டால்? வரும், எனக்கும் வந்திருக்கிறது. பதறாமல் சுத்தமான காஸை வைத்து அழுத்துங்கள், காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் கட்டாயம் சொல்வார்கள். நின்றதும் சலைனால் துடைத்து, பிளாஸ்டர் போட்டு, வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை போடுகிறவருக்கு இருபது நிமிடத்திலும் நிற்காவிட்டால் கிளினிக். முக்கியமாக, மகளிடம் மறைக்காதீர்கள். "சின்னதா பட்டுடுச்சு, நாளைக்கும் மறுநாளும் பாருங்க, சிவந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க" என்று சொல்லுங்கள். அடுத்த நாள் நீங்களே ஒரு போன் போடுங்கள்.

கருவிகள். யு.வி. பெட்டியில் நீல விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாரும் ஏமாறுகிறோம். அது கிருமி நீக்கம் செய்வதில்லை, ஏற்கெனவே சுத்தமானதை வைத்துக்கொள்ளும் அலமாரி, அவ்வளவுதான். நிப்பரைச் சோப்புப் போட்டு பிரஷ்ஷால், முக்கியமாக மூட்டுப் பகுதியை, தேய்த்துக் கழுவி உலர்த்தினால்தான் அடுத்த படியே வேலை செய்யும். அழுக்கின்மேல் ஆல்கஹால் ஊற்றிப் பயனில்லை. 70 சதவீத ஆல்கஹால் பல கிருமியைக் கொல்லும், சில கிருமிகள் கெட்டி ஓட்டுக்குள் பதுங்கும் வித்துகளைக் கொல்லாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். வயதானவர்களை எடுத்துச் செய்யப் போகிறீர்கள் என்றால் மேசைமேல் வைக்கும் சிறிய ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். விலை கையைக் கடிக்கும்தான். வாங்க முடியாத வரைக்கும் இந்த மாதிரிக் கால்களை எடுக்க வேண்டாம் என்பேன். ஃபைல், மரக்குச்சி, பியூமிஸ் கல், டிரில்லின் மணல்காகித உறை எல்லாம் ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பை. பித்தவெடிப்பைச் சீவும் பிளேடு உங்கள் டிராயரில் இருந்தால் இன்றைக்கே எடுத்து எறியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதை மகளிடம் சொல்லுங்கள், பாட்டியிடம் சொன்னால் தலையாட்டுவார், செய்யமாட்டார். தினமும் குளித்த பிறகு விரலிடையைத் துடைப்பது. பாதத்துக்குக் கிரீமோ தேங்காய் எண்ணெயோ பூசுவது, விரலிடையில் மட்டும் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு. கோயிலுக்குப் போனால்தான் சங்கடம். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி, தைப்பூசத்தன்று வெயிலில் தார் ரோடு, இனிப்புநீர்ப் பாட்டி வெறுங்காலோடு நடப்பேன் என்று நிற்பார். அவர் வேண்டுதலில் நான் தலையிட மாட்டேன். விடியற்காலையில் போகச் சொல்வேன், வந்தவுடன் மகள் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அடுத்த வாரம் உள்ளங்கால் கொப்புளத்தோடு யாராவது வருகிறார்கள். சூடு பட்டதே தெரியவில்லை என்பார்கள்.

நேரம் ஒதுக்குவதில் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமையும், விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்ட நம் பாட்டிகள் ஒப்பமாட்டார்கள். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நானே சாயங்காலம் வயதானவர்களை எடுப்பதில்லை. தடித்த நகத்தின் ஓரம் எது, சதை எது என்று பார்க்கப் பகல் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. காலை பத்து மணி, ஒரு மணி நேரம் முழுதாக. சாதாரண பெடிக்யூரைவிட அதிகம் வாங்குங்கள், தயங்காதீர்கள். குறைந்த காசுக்குச் செய்தால் அவசரம் வரும், அவசரத்தில்தான் கை தவறும்.

இன்னொன்று, சில பாட்டிகள் காலை நீட்டவே வெட்கப்படுவார்கள். "அசிங்கமா இருக்கும்மா, தொடாதே" என்று சேலைக்குள் இழுத்துக்கொள்வார்கள். அப்போது நகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எந்தத் தோட்டம், எத்தனை மரம் சீவினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் தானாக உங்கள் மடிக்கு வந்துவிடும்.

பாலிஷ். உங்கள் பாட்டிக்கு, கிளினிக்கில் காட்டி அவர்கள் சரி என்ற பிறகு, தடிப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, மற்ற எட்டு நகத்துக்கும் சிவப்பு போடுங்கள். சாதாரண பாலிஷ், ஜெல் வேண்டாம். பாட்டிக்கென்று தனியாக ஒரு புட்டி வாங்கி, பிரஷ்ஷோடு அவரிடமே கொடுத்துவிடுங்கள், கடைப் புட்டியில் அந்த பிரஷ் திரும்பப் போகக் கூடாது. இரண்டு கட்டைவிரலையும் வெறுமையாக விட்டுவிடுங்கள். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் தீபாவளி வாரம் மட்டும் போட்டு, அடுத்த வாரம் மகளை அழிக்கச் சொல்லுங்கள். அழிக்கும் ரிமூவரையும் பஞ்சையும் அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் அழிப்பார்கள்.